சத்திரசிகிச்சைக்குப் பின் ஒரு நாற்சார் வீடு: ஊரவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்பான ஊரவர்களுக்கு,

அம்மாவின் நலம் விசாரித்த அனைவருக்கும் நன்றி. இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்து, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்; வோக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பெற்றோரைப் பராமரிக்க ஊருக்கு வரவிருக்கும் மற்றவர்களுக்கும் உதவக்கூடும் என்பதால், நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டிய எங்கள் பழைய நாற்சார் வீடு இந்த நாள்களில் எங்கே கைகொடுத்தது, எங்கே இடைஞ்சல் தந்தது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூட்டு மாற்றியவர்கள் முதற்சில வாரங்களுக்குத் தாழ்வான இருக்கையில் அமரக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, இடுப்பை 90 பாகைக்கு மேல் மடிக்கக்கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனவே, தம்பி ஆசையாக வாங்கிக் கொடுத்திருந்த மெத்தென்ற சோபா ஒதுக்கப்பட்டு, முழங்காலுக்குச் சற்று மேலான உயரமும் அசையாத உறுதியும் கொண்ட தலைவாசல் திண்ணையே அம்மாவின் இருக்கையாயிற்று. முற்றத்தைச் சுற்றி நாற்புறமும் ஓடும் விறாந்தை அவருடைய நடைபாதையாயிற்று. வெயிலும் மழையும் படாமல், களைத்தால் பிடித்து நிற்க எட்டுகிற தூரத்தில் தூண்களுடன், குசினியிலிருந்தே அவரைப் பார்த்துக்கொள்ளக்கூடிய வகையில் இப்படியொரு வசதியைப் புதிய வீடுகளில் நான் காணவில்லை. சிவப்புச் சீமெந்துத் தரையில் தூவானம் பட்டால் வழுக்கும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது.

இடைஞ்சல் தந்தவை, அறை வாசல்களில் தரையைவிட உயர்ந்து நிற்கும் நிலைப்படிகள். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது சத்திரசிகிச்சை செய்த காலை முதலில் வைக்க வேண்டும் என்று வைத்தியசாலையில் பழக்கிவிட்டிருந்தார்கள். ஆனாலும் வோக்கருடன் ஒவ்வொரு அறை வாசலிலும் அதைச் செய்வது எளிதன்று. மேசன் நிலைப்படிகளை வெட்டி எடுத்துவிடலாம் என்றார். நான் சம்மதிக்காமல், தச்சரைக் கொண்டு இரு பக்கமும் சாய்பலகை செய்வித்தேன். தேவை முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். வளவின் கோடியிலிருக்கும் மலசலகூடத்துக்கு மாற்றாகக் கொமோட் கதிரை (மலசலம் கழிக்கும் வசதியுள்ள கதிரை) ஒன்றை அயலூரில் இரவல் வாங்கினோம். பத்தியம் பற்றிய உறவினர் சபையின் வாக்குவாதங்களை இங்கே எழுதப் புகுந்தால் இந்த மடல் முடியாது.

அம்மா வார்ட்டில் இருந்த காலத்தில், பார்வை நேரங்களுக்கு இடையே நகரத்தை நடந்து பார்க்க வாய்த்தது. மணிக்கூட்டுக் கோபுரத்தையும், 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்துள்ள பொது நூலகத்தையும் கடந்து, பெரும்பாலும் கோட்டைக்கே சென்றேன். போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோணமாகத் திருத்திக் கட்டிய அந்தக் கோட்டையில், 1706இல் எழுப்பப்பட்ட அவர்களின் தேவாலயம் போரில் சிதைந்து இன்று இடிபாடாகவே கிடக்கிறது. சாந்து பூசி முழுமையாக நிற்கும் சுவரைவிட, உடைந்து திறந்து கிடக்கும் சுவரே கட்டியவர்களின் கைவேலையை அதிகம் காட்டுகிறது. அங்கே தெரிவது நம் வீட்டுச் சுவர்களில் இருக்கும் அதே முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். ஈரமாக இருக்கையில் இலகுவாக வெட்டுப்பட்டு, காற்றுப்பட்டபின் இறுகும் கல் அது. அதையே சுட்டுச் சுண்ணாம்பும் எடுக்கலாம்.

இந்தச் சுண்ணாம்புச் சுவர்கள் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளியே விடும் இயல்புடையவை. அவற்றின்மேல் சீமெந்தைப் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ற் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு உரிந்து விழும். வெளிநாட்டுக் காசில் அழகுபடுத்தப்பட்ட எங்கள் முன்னறையில் நடந்தது அதுதான். பூஞ்சண மணம் காரணமாக அம்மாவை அங்கே படுக்க வைக்க முடியவில்லை. கைபடாத பின்னறை உலர்ந்து, மத்தியானத்திலும் குளிர்ச்சியாக இருந்தது. பழையதெல்லாம் நல்லது என்று வாதிடுபவள் அல்லள் நான். கிணற்றடியில் கைபிடிக் கம்பியும் வீட்டுக்குள் மலசலகூடமும் கட்டாயம் வேண்டும். ஆனால் அவற்றைச் சேர்ப்பதற்காக வீட்டையே இடிக்க வேண்டியதில்லை.

எனவே இரண்டு விடயங்களை நம் ஊர்ச் சங்கத்தின் முன் வைக்கிறேன். முதலாவது, சனசமூக நிலையத்தில் இரண்டொரு வோக்கர்களும் கொமோட் கதிரைகளும் இரவல் கொடுப்பதற்கென்று வாங்கி வைக்க வேண்டும். மற்றையது, ஊரில் எஞ்சியிருக்கும் நாற்சார் வீடுகளையும் சங்கடப்படலைகளையும் (கூரையிட்ட வளவு வாசல்களையும்) இடிக்கவோ புதுப்பிக்கவோ எண்ணியிருப்பவர்கள், வேலை தொடங்குமுன் அளவெடுத்துப் படம் பிடிக்க இடம் தர வேண்டும். அளவெடுக்கும் வேலையை நான் இங்கிருக்கும்வரை பொறுப்பேற்கிறேன். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் எனக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பாதிக்கு அதுவே தெரியவில்லை.

அன்புடன்,
வடக்கு ஒழுங்கை வீட்டின் மூத்த மகள்