வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாகச் சிவப்பு, க்ரீமை நிறுத்தினால் கூடுகிறது. உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். எனக்கு வயது 29. எட்டு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். மூன்று மாதம் முன்பு மூக்குக்குக் கீழே நாலைந்து பொரி கிளம்பியது. தெருமுனை மெடிக்கலில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் சரியானது. விட்டால் நாலாம் நாள் முன்னைவிட அதிகமாக வருகிறது. இப்போது தாடை வரை இறங்கிவிட்டது, எரிச்சல் வேறு. மஞ்சள், கற்றாழை, தேங்காய் எண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. மாஸ்க் இல்லாமல் வெளியே போக மனமில்லை.

பதில் 1:
ட்யூபில் சின்ன எழுத்தில் என்ன மருந்து போட்டிருக்கிறது? உதட்டை ஒட்டினாற்போல் பொரியே இல்லாத இடம் இருக்கிறதா?

கேட்டவர்:
பீட்டாமெத்தசோன், நியோமைசின். கண்ணாடியில் இப்போதுதான் கவனித்தேன், உதட்டைச் சுற்றி மெல்லிய கோடாகத் தோல் வெறுமையாக இருக்கிறது. அதைத் தாண்டித்தான் பொரி.

பதில் 1:
அந்தக் கோடுதான் முக்கியமான அடையாளம். பெரிஓரல் டெர்மடைட்டிஸாக, அதாவது வாயைச் சுற்றி வரும் தோல் அழற்சியாக இருக்கலாம். உதட்டை நக்கும் பழக்கத்தால் வருவது உதடு வரைக்கும் ஒட்டிச் சிவக்கும், இது அப்படியில்லை. பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு. போடும்போது சிவப்பை அமுக்கும், விட்டதும் இரட்டிப்பாகக் கிளப்பும். எனக்கும் இதே கதைதான், ஒரு வருடம் ட்யூபை மடித்து மடித்துப் பிதுக்கியிருக்கிறேன். டாக்டர் சீட்டில்லாமல் இதை விற்கவே கூடாது. தயவுசெய்து இனி வாங்காதீர்கள்.

நிறுத்தியதும் ஒன்றிரண்டு வாரம் இன்னும் மோசமாகச் சிவக்கும். அங்கேதான் பலரும் பயந்துபோய் மறுபடி ட்யூபை எடுக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுங்கள். எண்ணெய், மஞ்சள், மேக்கப் எதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் போதும். தோல் டாக்டரைக் கட்டாயம் பாருங்கள், பால் கொடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதற்கு வழக்கமாக எழுதும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைப் பால் கொடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். மெட்ரோனிடசோல் ஜெல் மாதிரி மேல்பூச்சு இருக்கிறது.

பதில் 2:
அக்கா, பல் தேய்க்கும் பேஸ்ட்டையும் பாருங்கள். சிலருக்கு ஃப்ளோரைடு பேஸ்ட் இதைக் கிளப்பும், கொஞ்ச நாள் ஃப்ளோரைடு இல்லாததற்கு மாறிப் பாருங்கள். என் தம்பிக்கு ஆஸ்துமா இன்ஹேலரால் வந்தது. அதிலும் ஸ்டீராய்டுதான். இன்ஹேலரை நிறுத்தச் சொல்லவில்லை, அடித்ததும் வாயைக் கொப்பளித்து முகத்தையும் கழுவச் சொன்னார் டாக்டர்.

கேட்டவர் (ஆறு வாரம் கழித்து):
டாக்டரும் அதையேதான் சொன்னார். மெட்ரோனிடசோல் ஜெல் கொடுத்தார், காலையும் இரவும் போடுகிறேன். முதல் பத்து நாள் அழுதுவிட்டேன், முகம் தணலாய் எரிந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து பொரி அமுங்கத் தொடங்கியது. இப்போது தாடையில் லேசான சிவப்பு மட்டும். ஜெல்லை இன்னும் இரண்டு வாரம் தொடரச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேருக்கும் மிக்க நன்றி.