நாய் கடித்ததை மறைக்கும் பிள்ளைகள்: யோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய் பற்றிச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. உங்கள் உதவி வேண்டும்.

சாப்பிடும் நாயிடமும் குட்டி போட்ட நாயிடமும் போகாதே, துரத்தினால் ஓடாமல் மரம்போல் அசையாமல் நில், விழுந்துவிட்டால் சுருண்டு படுத்துக் கழுத்தையும் காதையும் மூடிக்கொள்: இவற்றையெல்லாம் விளையாட்டாகவே பழக்கிவிடலாம். "மரமாகு" என்றால் போதும், வகுப்பே கொண்டாட்டமாகிவிடுகிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. திட்டுக்கும் ஊசிக்கும் பயந்து, சின்னப் பல் கீறலைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொள்கிறார்கள். ரேபிஸ் அறிகுறி வெளிப்பட்டபின் பிழைப்பது மிக மிக அரிது. உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி முழுவதையும் போட்டுவிட்டால் நோயைத் தடுத்துவிடலாம். ஆனால் பிள்ளை வாய் திறந்தால்தானே!

பயமுறுத்தினால் இன்னும் ஒளிப்பார்கள். நாயைக் கண்டாலே கல்லெடுக்கவும் தொடங்குவார்கள். இரண்டும் வேண்டாம். "கீறல் பட்டாலும் சொல்" என்பதை மனத்தில் பதியவைக்கும் படக்கதை, பாட்டு, பொம்மலாட்டம் எதுவாவது உங்களிடம் இருக்கிறதா? பெற்றோரிடம் "திட்டாதீர்கள்" என்று எப்படிப் பேசினீர்கள்? கையால் வரைந்த படம் இருந்தாலும் அனுப்புங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.