வீல் சப்பையாகுறது: ஒரு சொல் பத்தாது, ரெண்டு வேணும்

எல்லாருக்கும் வணக்கம்,

வீல்ல ஒரு இடம் மட்டும் தட்டையாகுற "ஃப்ளாட் ஸ்பாட்"டுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்னு ஓடுற இந்த இழையை நேத்து ராத்திரி உக்காந்து முழுசும் படிச்சேன், எழுதாம இருக்க முடியல, ஏன்னா பதினோரு வருஷமா குடோன்ல ஹேண்ட் பேலட் டிரக்கும் (பேலட்டுங்கற பலகையை சரக்கோட தூக்கி கையால தள்ளிட்டுப் போற வண்டி) ஸ்டாக்கரும் (உயரத்துல தூக்கி அடுக்குற வண்டி) மெயின்டனன்ஸ் பாக்குறேன், இது எங்களுக்கு தினமும் வாயில வர்ற விஷயம்.

> சமதளப்புள்ளி என்றே வைத்துக்கொள்ளலாம். பொருள் நேராகப் புரிகிறது.

அய்யா, மன்னிக்கணும், இது ஒத்து வராதுங்க. புள்ளின்னா பொட்டு மாதிரி சின்னது. வீல்ல வர்றது அப்படி இல்ல, ரெண்டு விரல் வெச்சு மூடுற அகலத்துக்கு ஒரு பட்டை. சமதளம்னு சொன்னா எங்காளுங்க வீலை விட்டுட்டு தரையைத்தான் குனிஞ்சு பாப்பாங்க. பசங்க சொல்றது "வீல் சப்பையாயிடுச்சுண்ணே". அந்தச் சப்பையையே எடுத்துக்கலாமே.

> சப்பை கொச்சையாக இருக்கிறதே, தட்டை போதாதா?

தட்டைன்னா வெறும் வடிவம், தட்டைப்பயறு தட்டையா இருந்தா அது அதோட இயல்பு. சப்பைன்னு சொல்லும்போதே இருக்க வேண்டிய புடைப்பு அங்க இல்லைங்கற குறையும் சேர்ந்து வந்துடுது, அதனால கொச்சைன்னு தள்ள எனக்கு மனசு வரல.

ஆனா எனக்கு அதைவிட முக்கியமாப் படறது வேற. சப்பையில ரெண்டு ஜாதி இருக்கு, ரெண்டுக்கும் காரணம் வேற, வைத்தியம் வேற. இதை ஒரே பேர்ல கூப்பிட்டுத்தான் நாங்க வீல் வீலா தூக்கிப் போட்டிருக்கோம்.

முதல் வகை, லோடோட நின்னே சப்பையாகுறது. 2.5 டன் வண்டில பாரத்துல பெரும்பங்கு ஃபோர்க் (பேலட்டுக்கு அடியில போற நீட்டுக் கை) நுனில இருக்கற 80 மி.மீ. விட்டமுள்ள சின்ன வீல், அதாவது ரோலருங்க மேலதான் உக்காரும். சனிக்கிழமை சாயங்காலம் பேலட்டைத் தூக்கின நிலையிலேயே விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டா பியூ (பாலியூரித்தேன், ரப்பர் மாதிரி பிளாஸ்டிக்) வீல் தரையைத் தொடுற இடத்துல அமுங்கிடும். திங்கட்கிழமை தள்ளினா டக் டக்னு சத்தம் வரும். கொஞ்ச தூரம் ஓடி வீல் சூடேறினா பல சமயம் தானா உருண்டைக்கு வந்துடும், வாரக்கணக்கா நின்னிருந்தாதான் வராது. இதுக்கு மருந்து ஒண்ணுதான், கைப்பிடி லீவரை அழுத்தி ஃபோர்க்கை இறக்கிட்டுப் போறது. பேலட் தரையில உக்காந்துட்டா வீலுக்கு பாரமே கிடையாது.

ரெண்டாவது, வீல் சுத்தாம இழுபட்டு சப்பையாகுறது. போன மாசம் ஒரு வண்டி இப்படி வந்துச்சு, மாத்தி பத்து நாள் கூட ஆகாத வீல், திரும்பவும் சப்பை. வண்டியைக் கவுத்துப் போட்டுப் பாத்தா ரோலர் ஓரத்துல ஸ்ட்ரெச் ரேப் (சரக்கைச் சுத்துற பிளாஸ்டிக் தாள்) சுத்திச் சுத்தி உருகி கறுப்பு வளையமா கல்லு மாதிரி இறுகியிருக்கு, பிளேடு வெச்சுக் கீறி கொறடால பிடுங்கினேன், உள்ள ஒரு முழம் ஸ்ட்ராப்பு (பெட்டி கட்டுற பட்டை) வேற. பின்ன வீலுக்குள்ள இருக்கற 6204 நம்பர் பேரிங் எப்படிச் சுத்தும்? சுத்தாத வீலை பாரத்தோட சிமெண்ட் தரையில இழுத்தா அது அரம் போட்ட மாதிரி தேஞ்சுதான் போகும். தேஞ்சு போன பியூ ஓடினா திரும்ப வராது. லேசா இருந்தா லேத்துல கடைஞ்சுக்கலாம், அதிகமா இருந்தா ஹப் (வீலோட நடுப்பகுதி) நல்லாயிருக்கற பட்சத்துல அது மேலயே புதுசா பியூ ஊத்தித் தருவாங்க. ஆனா வீலைச் சுத்த விடாம பிடிச்சிருக்கறதை எடுக்காம புது வீல் போட்டா அதுவும் அதே கதிதான், எங்களுக்கு ஆனது அதுதான். இப்பல்லாம் வீல் பக்கவாட்டுல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு லோடோட நாலடி தள்ளச் சொல்லிப் பாக்குறேன், கோடு நின்ன இடத்துலயே நின்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம், ரெண்டு நிமிஷ வேலை.

ஆகவே நான் முன்வைக்கறது:

அமுங்குசப்பை – பாரத்தோட நின்னு வந்தது.
இழுசப்பை – சுத்தாம இழுபட்டு வந்தது.

ரெண்டும் வினைத்தொகை, ஊறுகாய், சுடுகாடு மாதிரி. அதனால நடுவுல ஒற்று மிகாது, இழுச்சப்பைன்னு எழுதிடாதீங்க. மூணு காலத்துக்கும் பொருந்தும், இழுபட்ட சப்பை, இழுபடுற சப்பை எல்லாம் அதுக்குள்ளயே அடங்கிடும்.

> இழுசப்பை இந்த ஒரு வண்டிக்கு மட்டும்தானே பயன்படும்?

இல்லீங்க. ரயில்ல பிரேக் பிடிச்சு சக்கரம் சுத்தாம தண்டவாளத்துல சறுக்கினா வர்றதும் இதேதான். நம்ம ரயில்வேல பயணிகள் பெட்டிச் சக்கரத்துக்கு 50 மி.மீ., சரக்கு வேகனுக்கு 60 மி.மீ. நீளம்னு இதுக்கு எல்லையே வெச்சிருக்காங்க, தாண்டினா சக்கரத்தைக் கழட்டிக் கடையணும். ஃபோர்க்லிஃப்ட் சாலிட் டயர் சடன் பிரேக்குல தரையில தேய்ஞ்சாலும் இதே சொல் போதும்.

ஷிப்ட் ரிப்போர்ட்ல நான் இந்த ரெண்டு பேரையும் எழுத ஆரம்பிச்சுட்டேன். அமுங்குசப்பைன்னு எழுதியிருந்தா ஓட்டினவர்கிட்ட பேசுவேன், இழுசப்பைன்னா ஸ்பேனரை எடுத்துக்கிட்டு நேரா வண்டிகிட்ட போவேன்.

இன்னொண்ணு, பியூ ஹப்பை விட்டுத் தனியா கழண்டு சுத்துதே, அதுக்கு எங்க பசங்க "தோல் கழண்டுடுச்சு"ன்னு சொல்றாங்க. அதுக்குத் தனி இழை தொடங்கறேன், இங்க கலக்க வேண்டாம்.