பழைய கொழும்புப் படங்கள்: ட்ராமா, ட்ரொலி பஸ்ஸா, லண்டன் பஸ்ஸா? எப்படிக் கண்டுபிடிப்பது?

வாசிகசாலை மேசை:

வணக்கம். வெள்ளவத்தையில் எங்கள் வாசிகசாலையில் பழைய கொழும்பின் பஸ், ட்ராம் படங்களை வைத்து ஒரு சிறு கண்காட்சி செய்கிறோம். வீடுகளிலிருந்து வந்த படங்கள். பின்பக்கத்தில் ஆண்டும் இல்லை, இடமும் இல்லை. ஐந்து படங்களில் தடுமாறுகிறோம்:

1. ஒடுக்கமான கடைத்தெரு. ஒரு ட்ராம், அதற்கு முன்னால் மாட்டு வண்டி.
2. அகன்ற வீதி. நிலத்தில் தண்டவாளம், மேலே இரண்டு கம்பி. வாகனம் ஒன்றும் இல்லை, சனம் மட்டும்.
3. இரட்டைத் தட்டு பஸ். கூரையிலிருந்து இரண்டு நீளத் தடிகள் மேலே போகின்றன.
4. கலர்ப் படம். சிவப்பு இரட்டைத் தட்டு. ட்ரைவருக்குத் தனிக் கூண்டு, இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து.
5. நான்காவதைப் போலவே, ஆனால் முன்முகம் வேறு. ரேடியேட்டர் வெளியே தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் '1950-கள்' என்று போட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பார்க்க வருபவர்களில் பாதிப்பேர் அந்த பஸ்களில் தொங்கிப் போனவர்கள், பிழை விட்டால் அந்த இடத்திலேயே பிடிப்பார்கள். அந்த வண்டிகள் எப்படி ஓடின, ஏன் அப்படிச் சத்தம் போட்டன என்றும் இரண்டு வரி எழுத ஆசை. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

தண்டவாளம்:

முதலில் கம்பி எண்ணுங்கோ. மறியல் கம்பியை இல்லை, வீதிக்கு மேலே போகிற கம்பியை.

ட்ராமுக்கு ஒரு பாதைக்கு ஒரு கம்பி போதும். தடி வழியாக இறங்குகிற மின்சாரம் மோட்டாரைச் சுற்றிவிட்டு, இரும்புச் சில்லால் தண்டவாளத்துக்குப் போய் அதாலேயே திரும்பிவிடும். ட்ரொலி பஸ் ரப்பர் டயரில் நிற்கிறது, நிலத்தால் திரும்ப வழி இல்லை. அதனால் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, இரண்டு தடி. உங்கள் மூன்றாவது படம் சந்தேகமில்லாமல் ட்ரொலி பஸ். கொழும்பில் அது ஓடியது 1953 தொடக்கம் 1964 வரைதான். அந்தப் படத்துக்கு இதைவிட நெருக்கமான ஆண்டை ஊகித்துப் போடவேண்டாம்.

இரண்டாவது படத்தில்தான் பொறி இருக்கிறது. ட்ராம் போக ஒரு பாதை, வர ஒரு பாதை என்று இருந்தாலும் மேலே இரண்டு கம்பி தெரியும். ஆனால் அவை தங்கள் தங்கள் பாதைக்கு நேர் மேலே, பல அடி தள்ளித் தள்ளிப் போகும். ட்ரொலி பஸ் சோடிக் கம்பிகளுக்கு இடையே ஏறக்குறைய 2 அடிதான். அளக்கக் கோல் படத்துக்குள்ளேயே இருக்கிறது: கொழும்பு ட்ராமின் தண்டவாள அகலம் 3 அடி 6 அங்குலம், அதாவது 1067 மி.மீ. வீதியில் ஒரே தூரத்தில் உள்ள புள்ளியை எடுத்து, கீழே தண்டவாள இடைவெளியையும் மேலே கம்பி இடைவெளியையும் ஒப்பிடுங்கோ. கம்பி இடைவெளி தண்டவாளத்தைவிடக் குறுகலாக இருந்தால் ட்ரொலி பஸ் கம்பி, அப்போ படம் 1953க்குப் பிந்தியது. கிட்ட இருக்கிற கம்பியையும் தூர இருக்கிற தண்டவாளத்தையும் ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும்.

முதலாவது படம் கஷ்டம். ட்ராம் 1899இல் பூஸ்டெட் சகோதரர்கள் கம்பனி தொடங்கியது. கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு ஒன்று, மருதானை வழியாகப் பொரளைக்கு ஒன்று. 1929இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க நடத்திய பெரிய ட்ராம் வேலைநிறுத்தம் இந்தக் கம்பனிக் காலத்தில்தான். மருதானையில் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது. 1944இல் மாநகர சபை பொறுப்பெடுத்தது. கடைசி ட்ராம் 1960 ஜூன் 30. ஆகவே ட்ராம் நிற்கிறது என்பதை மட்டும் வைத்தால் 61 வருடத்துக்குள் எங்கேயும் விழலாம். மாட்டு வண்டியும் அந்தக் காலம் முழுக்க இருந்தது, அதுவும் உதவாது. பின்னால் ஒரு கார் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கோ, காரின் வடிவம் பத்து வருடத்துக்குள் கொண்டுவந்துவிடும். கடைப் பெயர்ப்பலகையில் எந்த மொழி மேலே இருக்கிறது என்பதும் ஒரு துப்பு.

சத்தம் கேட்டீர்கள். ட்ராமின் 'டணங் டணங்' ட்ரைவர் காலால் மிதிக்கிற மணி. தண்டவாளத்தை விட்டு விலக முடியாத வண்டி அது. முன்னால் ஒரு மாட்டு வண்டி அச்சு முறிந்து நின்றால் பின்னால் வருகிற ட்ராம் எல்லாம் வரிசையாக நிற்க வேண்டியதுதான், மணி அடிப்பதைத் தவிர ட்ரைவருக்கு வேறு வழியில்லை. மழை நாளில் இரும்பில் இரும்பு வழுக்கும். அதற்காகச் சில்லுக்கு முன்னால் தண்டவாளத்தில் காய்ந்த மணல் தூவ ஒரு பெட்டி இருக்கும். மணல் நனைந்து கட்டியானால் விழாது, பிறகு பிரேக் பிடித்தும் பயன் இல்லை.

அரைக் கூண்டு:

4, 5 இரண்டும் லண்டன் பஸ்கள். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறை இருக்கிறது.

1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பிறந்தது. காலி வீதியில் ஓடிய சவுத் வெஸ்டர்ன், ஹைலெவல் வீதிக் கம்பனி எல்லாம் அதோடு முடிந்தன. பஸ்ஸின் பக்கத்தில் ஒரு கம்பனிப் பெயர் எழுதியிருந்தால் படம் அதற்கு முந்தியது. அதற்குப் பிறகு 1960-களின் கடைசி வரைக்கும் லண்டனில் கழித்த ஆர்.டி. வகை பஸ்கள் ஆயிரத்துக்கு மேல் இங்கே வந்தன. அங்கேயும் இடது பக்கம், இங்கேயும் இடது பக்கம். ஏறுகிற வழியையோ ஸ்டியரிங்கையோ மாற்றாமல் அப்படியே வீதியில் விடலாம். நிறமும் சிவப்பு.

நான்காவது படம் இந்த வகை. ரேடியேட்டர் வெளியே நெட்டையாக நிற்கும், ட்ரைவர் அதற்கு வலப்பக்கக் கூண்டில் தனியே இருப்பார், ஏறுகிற இடம் பின்னால், கதவு கிடையாது. மேலே 30, கீழே 26, ஆக 56 இருக்கை. எஞ்சின் இரண்டு இங்கிலாந்துக் கம்பனிகளுடையது: ஏ.ஈ.சி. எஞ்சின் போட்டது 9.6 லீட்டர், லேலண்ட் போட்டது 9.8 லீட்டர். லேலண்டில் ஆர்.டி.டபிள்யூ. என்ற பிரிவு மட்டும் 8 அடி அகலம், மற்றவை ஏழரை அடி. அந்த அரை அடி பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் புறக்கோட்டைச் சந்துகளில் ஓட்டிப் பார்த்ததில்லை.

ஐந்தாவது படம் ரூட்மாஸ்டர் என்ற பிந்திய வகை. ரேடியேட்டரை முகப்பு வலைக்குப் பின்னால் மறைத்திருப்பார்கள். 64 இருக்கை, அலுமினிய உடல், 8 அடி அகலம். இவை இங்கே வந்தது 1980-களின் கடைசியில். அதற்கு '1950-கள்' என்று போட்டால் உங்கள் கண்காட்சி அன்றே சந்தி சிரிக்கும்.

சத்தத்துக்கு வருவோம். ஆர்.டி.யில் கிளச் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கைப்பிடி. அதில் அடுத்த கியரை முன்கூட்டியே 'சொல்லி' வைக்கலாம், அப்போது ஒன்றும் நடக்காது. பிறகு கிளச் இருக்கவேண்டிய இடத்தில் உள்ள மிதியை ஒரு தடவை அடிமட்டம் வரை மிதித்து விட்டால் கியர் விழும். வேலை செய்விப்பது காற்றழுத்தம், அந்த 'புஸ்ஸ்' அதுதான். அரைகுறையாக மிதித்தால் கியர்ப்பெட்டிக்குள் இருக்கிற பட்டி சரியாக இறுகாது. எஞ்சின் அலறும், வண்டி நகராது, பட்டி சூடேறித் தேயும். காலையில் டிப்போவில் காற்று நிரம்பும் வரை எஞ்சினை ஓடவிட்டு நிற்பதும் இதற்காகத்தான்: காற்றுக் குறைந்தால் கியரும் வழுக்கும், பிரேக்கும் பிடிக்காது.

எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவில் ஒயில் நிரம்பிய சக்கரம் ஒன்று. கியரில் வைத்தபடியே நிறுத்தலாம், எஞ்சின் நிற்காது. ஆனால் வண்டி முழுக்க நடுங்கும். ஹோல்டில் நிற்கும்போது மேல்தட்டு யன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியதை வருபவர்கள் நினைவுபடுத்துவார்கள், காரணம் இது. அந்தச் சக்கரத்தின் சீல் தேய்ந்தால் ஒயில் கசிந்து சூட்டில் புகையும். கருகின ஒயில் மணமும் அந்த பஸ்ஸின் அடையாளந்தான்.

வாசிகசாலை மேசை:

நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது படத்தை அளந்தேன். கம்பி இடைவெளி தண்டவாளத்தின் பாதிக்குச் சற்று மேல். அப்போ 1953க்கும் 1960க்கும் இடையில் என்று எழுதலாமா? மேல்தட்டில் நின்று பயணம் செய்ய விடாதது ஏன் என்றும் ஒருவர் கேட்டார்.

அரைக் கூண்டு:

மேலே பாரம் ஏறினால் சரியும் என்ற பயம். லண்டனில் இந்த பஸ்களை மேல்தட்டு முழுப் பாரத்தோடு 28 பாகை சரித்துப் பார்த்துத்தான் விட்டார்கள். அந்தக் கணக்கு இருந்தவர்களுக்கு, நின்றவர்களுக்கு இல்லை. கொழும்பில் தொல்லை தந்தது பின் மேடை. பின் அச்சுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் துண்டில் நாலைந்து பேர் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு கூட்டமே தொங்கினால், மேடையைத் தாங்கும் சட்டம் வளைந்து வெடிக்கும். காலி வீதி உப்புக்காற்று அந்த வெடிப்பில் கறலைக் கொண்டுவந்து வைக்கும். பின்பக்கம் தொய்ந்த பஸ் படத்தில் இருந்தால் கமரா சரிவு என்று நினைத்து நிமிர்த்திவிடாதீர்கள்.

கொட்டாஞ்சேனைச் சந்தி:

1960 என்று அடித்துச் சொல்லவேண்டாம் தம்பி. ட்ராம் நின்ற அன்றே தண்டவாளத்தைக் கிளப்பியிருப்பார்கள் என்று யார் சொன்னது? தண்டவாளத்தின் மேற்பரப்பைப் பெருப்பித்துப் பாருங்கள். தினம் ட்ராம் ஓடிய தண்டவாளம் கறுப்பு-வெள்ளைப் படத்தில் வெள்ளிக் கோடாக மினுங்கும். ஓடாதது கறுத்து, பள்ளத்தில் மண் நிரம்பி இருக்கும். மினுங்கினால் 1953-60. மங்கினால் 1964 வரை போகலாம்.

'ஸ்ரீ' தகட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்த எழுத்து 1950-களின் பிற்பகுதியில்தான் வந்தது. 1958இல் அந்தத் தகட்டோடு இ.போ.ச. பஸ்கள் வடக்குக்குப் போனபோது தமிழர்கள் எதிர்ப்பாக அந்த எழுத்தில் தார் பூசிய கதை எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் நான்காவது படத்துக்கும் '1950-கள்' பொருந்தாது, '1958க்குப் பின்' என்று எழுதுங்கள்.

பஸ் இலக்கம் தெரிந்தால் இடத்தை ஊகிக்க உதவும். 100 பாணந்துறை, 101 மொறட்டுவ, இரண்டும் காலி வீதியால் புறக்கோட்டைக்கு. 102 கொட்டாஞ்சேனை–மொறட்டுவ. 138 ஹைலெவல் வீதி. 177 கொள்ளுப்பிட்டி–கடுவெல. ஆனால் இவை இன்று நாம் அறிந்த வழிகள். அன்றைக்கும் ஒவ்வொரு வளைவும் அப்படியேதான் என்று எடுத்துக்கொள்ளாமல், பின்னால் ஒரு கட்டடத்தையாவது சேர்த்துப் பொருத்திப் பாருங்கள்.

பெல்லைப் பற்றியும் ஒரு வரி போடலாம். ட்ரைவர் கூண்டுக்குள், கொண்டக்டர் பின்னால், பேச வழியில்லை. ஒரு அடி என்றால் அடுத்த ஹோல்டில் நிறுத்து, இரண்டு அடி என்றால் போகலாம். லண்டன் வழக்கத்தில் மூன்று அடிக்கு 'இடமில்லை' என்று பொருள். 'இஸ்ஸரஹட்ட யன்ன' (முன்னால் போங்கள்) என்று கத்தியே இன்னும் பத்துப் பேரை ஏற்றுகிற ஊரில் அந்த மூன்றாவது அடிக்கு வேலை இருந்திருக்காது.

ட்ரொலி பஸ் தடி கம்பியிலிருந்து கழன்றால் வண்டி அப்படியே நிற்கும். நுனியில் கொழுக்கி வைத்த ஒரு நீளத் தடியால் திரும்பக் கொளுவ வேண்டும். கம்பிகள் பிரியும் சந்தியில் ட்ரைவர் வேகத்தைக் குறைக்காவிட்டால்தான் பெரும்பாலும் கழலும். மூன்றாவது படத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் யாராவது அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாரா?

வாசிகசாலை மேசை:

நிற்கிறார்! கையில் தடியும் இருக்கிறது. வழிப்போக்கர் என்று நினைத்து ஓரத்தை வெட்ட இருந்தோம்.

இரண்டாவது படத்தில் தண்டவாளம் மினுங்குகிறது. இப்போதைக்கு எழுதியிருப்பது: 1) 'ட்ராம், 1899-1960'. 2) 'ட்ராம் தண்டவாளமும் ட்ரொலி பஸ் கம்பியும், 1953-60'. 3) 'கழன்ற தடியைக் கொளுவும் ஊழியர், 1953-64'. 4) 'லண்டனிலிருந்து வந்த ஆர்.டி. பஸ், 1958க்குப் பின்'. 5) 'ரூட்மாஸ்டர், 1980-களின் கடைசி'.

தண்டவாளம்:

ஐந்தில் 'கடைசி' என்பதற்குப் பிறகு 'அல்லது அதற்குப் பின்' என்று சேருங்கோ. வந்த ஆண்டுதான் நமக்குத் தெரியும், படம் எடுத்த ஆண்டு இல்லை. இன்னொன்று: படங்களைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்துச் சட்டம் போடவேண்டாம், கொழும்பு ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துக் கண்ணாடியோடு ஒட்டிவிடும். நடுவில் மட்டை விளிம்பு ஒன்று விடுங்கோ. முடிந்தால் மூலத்தை வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்து ஸ்கேன் எடுத்த பிரதியைத் தொங்கவிடுங்கோ. பெருப்பித்தால் தகட்டு இலக்கமும் சிலவேளை வாசிக்க வரும்.