வயதான அம்மாவின் கால் மெஷின்: மிதிக்கக் கனம், ஊசி கோர்க்கச் சிரமம், அடியில் நூல் வளையம்

கேள்வி:
அம்மாவுக்கு 74 வயது. ஜாக்கெட், பாவாடை, தலையணை உறை எல்லாம் இன்றும் அவரே தைக்கிறார். பழைய கறுப்புக் கால் மெஷின். இப்போது மிதிக்கக் கனமாக இருக்கிறது, முழங்கால் வலிக்கிறது. ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரிவதில்லை. தைத்த துணியைத் திருப்பினால் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. மோட்டார் மாட்டிவிடலாமா? தையலை நிறுத்தச் சொல்ல மனமில்லை.

பதில் 1:
நிறுத்தச் சொல்லவே வேண்டாம். மோட்டாரும் உடனே வேண்டாம், முதலில் கனம் எங்கே என்று பாருங்கள். பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றிவிட்டு மேல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் கோளாறு மெஷின் தலையில். லேசாகச் சுற்றினால் ஸ்டாண்டில்: மிதிபலகையின் இரு முனை, கீழ்ச் சக்கரத்தோடு சேரும் கம்பி ஆகிய இடங்களில் சுற்றிக்கிடக்கும் நூலை எடுத்துவிட்டு எண்ணெய் விடுங்கள்.

தலை இறுகப் பெரும்பாலும் காரணம் காய்ந்துபோன எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் பிசினாகியிருக்கலாம். நூலைக் கழற்றி, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்து (இறக்கினால் துணியை நகர்த்தும் பல் தேயும்), ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுச் சில நிமிடம் ஓட்டுங்கள். கறுப்பாக வழிவதைத் துடைத்து, அரை மணி நேரம் விட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. மண்ணெண்ணெயோடு அப்படியே விட்டுவிடக் கூடாது, இரும்போடு இரும்பு உரசும். கடைசியில் வேண்டாத துணியில் கொஞ்சம் தைத்தால் மிச்ச எண்ணெய் அதில் இறங்கிவிடும்.

தோல் பெல்ட்டையும் பாருங்கள். மிக இறுக்கமாக இருந்தாலும் மிதிக்கக் கனக்கும். தொளதொளவென்று வழுக்கினால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிக் கொக்கியை மறுபடி மாட்டினால் போதும்.

பதில் 2:
அடியில் வளையம் விழுந்தால் குற்றம் மேல் நூலில். பலர் பாபின் கேஸ் (அடி நூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு) திருகைத் திருகிக் கெடுத்துவிடுகிறார்கள், அதைத் தொடாதீர்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது நூல் கோர்த்தால் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் நடுவில் உட்காராது. எப்போதும் ஃபுட்டைத் தூக்கிவிட்டுக் கோர்க்க வேண்டும். தட்டுகளுக்கு நடுவில் பஞ்சு அடைத்திருந்தாலும் இதேதான்.

பாபின் சரியா என்று பார்க்க: கேஸை நூலில் தொங்கவிடுங்கள். தானாக இறங்கக் கூடாது, லேசாகச் சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும்.

கண்ணுக்கு: பருத்தித் துணிக்கு 14க்குப் பதில் 16ஆம் நம்பர் ஊசி போடலாம், காது பெரிது. பட்டுக்கும் மெல்லிய சிந்தெடிக்குக்கும் 11தான், பெரிய ஊசி ஓட்டை போட்டுவிடும். ஊசிக்குப் பின்னால் வெள்ளைக் காகிதத் துண்டு வைத்து, நூல் நுனியைச் சாய்வாக வெட்டிக் கோர்க்கட்டும். ஊசியின் நீளப் பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமிருந்துதான் நூல் நுழையும். கைத்தையலுக்குத் தலையில் பிளவுள்ள ஊசி கிடைக்கிறது, நூலை மேலிருந்து அழுத்தினாலே உள்ளே போய்விடும். மெல்லிய நூல் அதில் பிசிறும், இரட்டை நூலுக்கு ஆகாது.

பதில் 3:
மெஷினைச் சுத்தம் செய்தும் முழங்கால் வலித்தால் மோட்டார் சரிதான். பின்பக்கம், கைச்சக்கரத்துக்குக் கீழே போல்ட் துளை உள்ள மேடு இருக்கிறதா பாருங்கள், அங்கேதான் மாட்டுவார்கள். மோட்டார் பெல்ட்டை விரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். அதைவிட இறுக்கினால் மோட்டார் சூடாகும்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? பாதம் மரத்திருந்தால் பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது, மெஷின் சட்டென்று பாயும், விரல் ஊசிக்கடியில் போய்விடும். அப்படியானால் கால் மிதியே பாதுகாப்பு. மாட்டினாலும் நூல் கோர்க்காமல் பழைய துணியில் சில நாள் ஓட்டிப் பழகட்டும். பெடலுக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள், நகராது. ஊசி மாற்றும்போதும் நூல் கோர்க்கும்போதும் ஸ்விட்சை அணைத்தே ஆக வேண்டும்.

கேட்டவர்:
சர்க்கரை உண்டு, பாதத்தில் எரிச்சலும் சொல்கிறார். விரல் மூட்டும் வலிக்கிறது.

பதில் 3:
அப்படியானால் மோட்டார் வேண்டாம், மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு மிதிக்கட்டும். வெட்டும் வேலையை நீங்கள் செய்து கொடுங்கள், பெரிய கத்தரிதான் மூட்டுக்கு எதிரி. நூல் வெட்ட ஸ்பிரிங் வைத்த சின்னக் கத்தரி போதும். குண்டூசிக்குப் பதில் கிளிப். கறுப்புத் துணி வேலையைப் பகலில் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.