அலமாரியில் கிடந்த கேமராவா, ஓடி உழைத்த கேமராவா?

நீலவானம்:
என் மகள் நடனம் கற்கிறாள். அரங்கில் அவள் ஆடும்போது கைபேசியில் எடுக்கிற படங்களில் முகம் கரைந்துவிடுகிறது, கைகள் புகைபோல் இழுபட்டுவிடுகின்றன. புதிய கேமரா வாங்க இப்போது வசதி இல்லை. பயன்படுத்திய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்து, லென்ஸை மாற்றக்கூடிய கேமரா) இரண்டு விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஒன்று நிகான் டி7200, கூடவே 18-140 மி.மீ. லென்ஸ். ஷட்டர் கவுண்ட், அதாவது படமெடுக்க ஷட்டர் என்ற திரை திறந்து மூடிய எண்ணிக்கை, வெறும் 6,000. நான்கு ஆண்டுகளாக அலமாரியில் இருந்ததாகச் சொல்கிறார்கள். மற்றது நிகான் டி750, லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும். நிகழ்ச்சிகளுக்குப் படமெடுப்பவர் வைத்திருந்தது, 1,12,000 ஓடியிருக்கிறது. லென்ஸோடு சேர்த்து டி7200 கேட்கும் விலையைவிட டி750 பாடியின் விலை கூடுதல். எனக்கு அந்த 6,000 என்ற எண்தான் தெம்பைத் தருகிறது. எதை வாங்கலாம்?

அகத்திணை:
தெம்பு தருவதையே வாங்குங்கள் சகோதரி. இரண்டு மாடல்களின் ஷட்டரும் 1,50,000 முறை இயங்கும்படி சோதிக்கப்பட்டவை என்றுதான் நிறுவனம் சொல்கிறது. ஒன்றில் நான்கில் மூன்று பங்கு தீர்ந்துவிட்டது. மற்றது ஏறக்குறையப் புதியது. எனக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. நிறைய ஓடிய கேமரா ஒன்றை, "நன்றாகத்தான் வேலை செய்கிறது" என்ற வார்த்தையை நம்பி வாங்கினேன். மூன்றாம் மாதமே ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. பழுது பார்க்கக் கேட்ட தொகை, நான் கேமராவுக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல். அந்த வலியை இன்னொருவர் படவேண்டாம்.

ஒளிவேட்டை:
அகத்திணை பட்ட இழப்பு உண்மை. ஆனால் அவர் எடுத்திருக்கும் முடிவு தவறு. 1,50,000 என்பது சோதனைக் கணக்கு, காலாவதித் தேதி அல்ல. என் கேமரா 2,00,000ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பிழைப்புக்குப் படமெடுப்பவர் தன் கருவியைத் துடைத்து, உலர்த்தி, அடிக்கடி கையில் எடுத்துப் பார்ப்பார். மூடிய அலமாரியில் நான்கு ஆண்டுகள் கிடந்ததை யார் பார்த்தார்கள்? காற்றோட்டமில்லாத இருட்டும் ஈரமும் பூஞ்சைக்கு விருந்து.

நடனம் என்றால் வெளிச்சம் குறைவு. டி750இன் ஃபுல் ஃப்ரேம் சென்சார் (வெளிச்சத்தைப் படமாகப் பதியும் பெரிய தகடு) பரப்பளவில் டி7200இன் சென்சாரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதே அப்பர்ச்சரில் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை), அதே ஷட்டர் வேகத்தில், ஒரு ஸ்டாப்புக்குச் சற்றுக் கூடுதலான வெளிச்சத்தை அது திரட்டும்; ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம். உங்கள் மகளின் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் அந்த அளவுக்குக் குறையும். நான் டி750தான் சொல்வேன்.

பழுதுமேசை:
பதினாறு ஆண்டுகளாகக் கேமராக்களைப் பிரித்துப் பூட்டும் வேலை செய்கிறேன். நீங்கள் இருவரும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள். ஷட்டர் எத்தனை முறை திறந்து மூடியது என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும். எத்தனை மணி நேரம் வீடியோ எடுத்தார்கள், எத்தனை முறை கீழே விழுந்தது, கடற்கரைக் காற்றில் எத்தனை நாள் அலைந்தது, இவை எதுவும் அதில் ஏறாது. 3,000 ஓடிய கேமராவின் சென்சாரில் பூஞ்சை கிளைவிட்டதையும் பார்த்திருக்கிறேன். 1,80,000 ஓடியதைத் திறந்தால் உள்ளே கண்ணாடிபோல் சுத்தமாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

சகோதரி, நேரில் போய்ப் பாருங்கள். ஒரு டார்ச் விளக்கு, உங்களுடைய மெமரி கார்டு, ஒரு வெள்ளைச் சுவர், இவை போதும்.

டி7200இல் என் முதல் சந்தேகம் லென்ஸின் மேல்தான். அதைக் கழற்றி, பின்புறத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்தால் அப்பர்ச்சர் இதழ்கள் திறக்கும். டார்ச்சை ஒரு பக்கமிருந்து சாய்வாக அடித்து மறுபக்கமாகப் பாருங்கள். தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். சிலந்தி வலைபோல், வேர்போல் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. முற்றிய பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். துடைத்தாலும் தடம் போகாது.

அடுத்த சோதனையைப் பலர் செய்வதில்லை. ஒரே அளவு வெளிச்சம் விழும் சுவரை மேனுவல் முறையில் இரண்டு படம் எடுங்கள். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) மாற்றாதீர்கள், அது தானாக மாறும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள். எஃப் எண் கூடக் கூட அப்பர்ச்சர் துளை சிறிதாகும். 18 மி.மீ.யில் வைத்து, முதல் படம் எஃப் 4, நொடியில் 500இல் ஒரு பங்கு. இரண்டாவது எஃப் 16, நொடியில் 30இல் ஒரு பங்கு. இரண்டும் ஒரே வெளிச்சத்தில் வரவேண்டும். எஃப் 16 படம் வெளுத்துப்போனால், இதழ்களில் எண்ணெய் கசிந்து அவை மந்தமாக மூடுகின்றன என்று பொருள். நெடுநாள் சும்மா கிடந்த லென்ஸில் இதை நிறையப் பார்க்கிறேன்.

டி750க்கு வேறு விதமான பார்வை வேண்டும். கைப்பிடி ரப்பர் உப்பியிருக்கிறதா, மெமரி கார்டு இரண்டு துளையிலும் தடையின்றிப் போய் வருகிறதா, மடக்குத் திரையை முழுவதும் இழுத்து ஆட்டும்போது படம் விட்டுவிட்டுத் தெரிகிறதா என்று பாருங்கள். அடுத்தடுத்து ஐம்பது படம் எடுத்து, ஏதாவது ஒன்றில் ஓரம் கறுத்திருக்கிறதா என்று தேடுங்கள். தளரத் தொடங்கிய ஷட்டர் முதலில் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

அகத்திணை:
ஐயா, உங்கள் அறிவுக்கு முன்னால் நான் எதிர்த்துப் பேச முடியாது. ஆனால் வாங்குபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். விற்பவர் எதிரே நின்றுகொண்டு நேரத்தைப் பார்ப்பார். வாங்கப் போனவருக்குக் கை நடுங்கும். வேரா தூசியா என்று முதல் தடவை பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? எண் ஒன்றுதான் அவர் கையில் இருக்கும் திடமான ஆதாரம். இன்னொன்றையும் சொல்கிறேன். டி750இன் ஷட்டரில் கோளாறு வரலாம் என்று நிகான் நிறுவனமே 2015இல் அறிவித்து, பாதிக்கப்பட்ட கேமராக்களைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்து கொடுத்தது. அதை ஏன் யாரும் பேசவில்லை?

பழுதுமேசை:
பேசவேண்டியதுதான், எடுத்துச் சொன்னதற்கு நன்றி. பாதிப்பு எல்லா டி750க்கும் இல்லை, குறிப்பிட்ட காலத்தில் தயாரானவற்றுக்குத்தான். வரிசை எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சரிசெய்திருந்தால் அதற்கான சீட்டைக் கேட்க வேண்டும்.

உங்கள் "திடமான ஆதாரம்" பற்றியும் ஒரு வார்த்தை. விற்பவர் வாயால் சொல்லும் எண் ஆதாரம் ஆகாது. அங்கேயே உங்கள் கார்டில் ஒரு படம் எடுத்து, திருத்தாத அந்தக் கோப்பைக் கணினியில் திறந்து எக்ஸிஃப் விவரத்தை (படத்தோடு கேமரா பதிந்துவைக்கும் தகவல்) பாருங்கள். நிகானில் ஷட்டர் எண்ணிக்கையும் வரிசை எண்ணும் அதிலேயே பதிவாகும். கேனானின் பல மாடல்களில் படக்கோப்பில் எண்ணிக்கை இருக்காது. அரை மணி நேரம் பார்க்கவிடாதவரிடம் வாங்கவே கூடாது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சரி.

மழைக்காகம்:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். டிஎஸ்எல்ஆரே எதற்கு? நிகான் கடைசியாக 2020இல் டி6, டி780 வெளியிட்டதோடு சரி. இனி எல்லாம் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்தான். உதிரி பாகங்களும் நாளாக நாளாக அரிதாகும்.

ஒளிவேட்டை:
எல்லோரும் மிரர்லெஸுக்குப் போவதால்தான் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் நம் கைக்கு எட்டும் விலைக்கு வந்திருக்கின்றன. இன்று வாங்கும் ஏஎஃப்-எஸ் லென்ஸ் (ஃபோகஸ் மோட்டார் உள்ளேயே இருப்பது) நாளை, டிஎஸ்எல்ஆர் லென்ஸை மிரர்லெஸில் மாட்ட உதவும் எஃப்டிஸெட் அடாப்டர் வழியாக நிகானின் மிரர்லெஸிலும் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். பணம் வீணாகாது.

தேன்சிட்டு:
லென்ஸ் என்ற சொல் இப்போதாவது வந்ததே! ஒளிவேட்டை அண்ணா, டி750 பாடியின் முன்னால் எதை மாட்டச் சொல்கிறீர்கள்? அவர் கையில் லென்ஸே கிடையாது. கையிருப்பைப் பாடியில் கொட்டிவிட்டு, மிஞ்சியதில் எஃப் 5.6 ஜூம் ஒன்றை வாங்கினால் பெரிய சென்சார் கொடுத்த ஒரு ஸ்டாப்பை அந்த லென்ஸே விழுங்கிவிடும். டி7200இல் 85 மி.மீ. எஃப் 1.8 மாட்டட்டும். எஃப் 5.6க்கும் எஃப் 1.8க்கும் இடையில் மூன்று ஸ்டாப்புக்கு மேல் வேறுபாடு. ஐஎஸ்ஓ 6400இல் எடுக்கவேண்டிய படத்தை 800இல் எடுக்கலாம். நானும் அரங்கில்தான் எடுக்கிறேன். சுழலும் பாதங்கள் உறைந்து நிற்க நொடியில் 500இல் ஒரு பங்காவது வேண்டும். அதைக் கொடுத்தது என் லென்ஸ்தான். பாடி பழையது.

ஒளிவேட்டை:
இதை ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு லென்ஸ் இல்லை என்பதை நான் கணக்கில் எடுக்காமல் பேசிவிட்டேன். ஆனால் சென்சார் சிறியது என்பதால் டி7200இல் 85 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃப்ரேமில் ஏறக்குறைய 128 மி.மீ. லென்ஸ்போல் நெருக்கமாகப் பார்க்கும். முன்வரிசையில் உட்கார்ந்தால் தலை முதல் கால் வரை அடங்காது. அங்கே 50 மி.மீ. எஃப் 1.8 பொருந்தும். ஃபோகஸ் விஷயத்தில் கவலை வேண்டாம், இரண்டிலும் 51 புள்ளி கொண்ட, ஒரே குடும்பத்து அமைப்புதான். மங்கிய வெளிச்சத்திலும் பிடிக்கும். ஆனாலும் அலமாரிக் கேமராவை நான் நம்பமாட்டேன்.

நீலவானம்:
நேற்று டி7200ஐப் போய்ப் பார்த்தேன். விற்பவர் பொறுமையாக ஒரு மணி நேரம் கொடுத்தார். கோப்பில் எண்ணிக்கை 6,214. சுவரை எஃப் 16இல் எடுத்ததில் சென்சாரில் இரண்டு தூசி மட்டும், இழை எதுவும் இல்லை. லென்ஸ் மூடியைப் போட்டு முப்பது நொடி எடுத்த படத்தில் சில வெள்ளைப் புள்ளிகள், அவ்வளவு நேரம் எடுத்தால் வழக்கமாக வருகிறவைதான். மெனுவில் பேட்டரியின் முதுமை 4 என்று காட்டியது, அதாவது கடைசிப் படி.

லென்ஸை டார்ச்சில் பார்த்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. முன் கண்ணாடியின் உள்விளிம்பில், பழுதுமேசை ஐயா சொன்ன அதே வேர். வெளிச்சச் சோதனையிலும் எஃப் 16 படம் நன்றாகவே வெளுத்திருந்தது. அவருக்கே அதைக் காட்டினேன். அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்று முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. லென்ஸையும் பேட்டரியையும் கணக்கில் சேர்க்காமல் பாடிக்கு மட்டும் விலை பேசியிருக்கிறேன். மிச்சத்தில் புதிய பேட்டரியும் 50 மி.மீ. எஃப் 1.8ம் வாங்கலாம் என்று கணக்கு. அந்த லென்ஸ் கூடவே இருந்ததால் பாடிக்கும் பூஞ்சை தொற்றியிருக்குமா?

பழுதுமேசை:
பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. அது வளர ஈரம் வேண்டும். சென்சாரில் இழை இல்லை என்றால் பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து நாலு படமாவது எடுங்கள்.

அகத்திணை:
6,214 என்ற எண் பொய் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒளிவேட்டை:
அந்த எண் லென்ஸைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீலவானம், 50 மி.மீ.யில் ஏஎஃப்-எஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை டி7200இல் ஓடும், ஆனால் நாளை எஃப்டிஸெட் அடாப்டரில் அதற்கு ஆட்டோஃபோகஸ் கிடைக்காது. மகளின் நடனப் படங்களை இங்கே போடுங்கள், காத்திருக்கிறோம்.