கச்சான் புழுதிக்கும் கமக்காரன்தான் காரணமாம்!

படுவான்கரையான்:
நேற்று நம்ம வாவிக்கரை ஐயா ஒரு பதிவு போட்டிருந்தார். வாசிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1930களில் அமெரிக்காவில் ஒக்லஹோமா, கன்சாஸ் பக்கம் கோதுமைக்காகப் புல்வெளியை உழுது கவிழ்த்தார்கள். மழை பொய்த்தது, மேல்மண் பறந்தது, சனம் குடும்பம் குடும்பமாகக் கலிபோர்னியாவுக்கு வெளிக்கிட்டது. இதுவரைக்கும் சரி. கடைசியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரைக்கு வந்து எழுதியிருக்கிறார் பாருங்கள்: "படுவான்கரையிலும் அதே கதைதான். சுழல் கலப்பை போட்டு மண்ணை மாவாக்கியது கமக்காரர். புழுதிக்கு அவர்களே பொறுப்பு."

ஒரே ஒரு கேள்வி ஐயா. புழுதியைக் கிளப்புகிற கச்சான் காற்று அடிப்பது வைகாசி தொடங்கி ஆடி வரை. மானாவாரிக்காரன் புழுதி உழவு போடுவது மாரி மழைக்கு முன்னால், புரட்டாசியில். கச்சானுக்குள் எவன் உழுகிறான்?

வாவிக்கரை:
தம்பி, முழுதாக வாசித்துவிட்டுச் சண்டைக்கு வந்தால் நல்லது. அறுவடை முடிந்ததும் தாளுக்கும் வைக்கோலுக்கும் நெருப்பு வைத்து நிலத்தை மொட்டையாக விடுவது யார்? காற்றா? கச்சான் ஆடி கடைசித் திகதியில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுமா? போன ஆவணியில் வவுணதீவுப் பக்கம் உழவு நடந்ததை என் கண்ணால் கண்டேன்.

அமெரிக்காக்காரன் 1935 ஏப்ரல் 14 அன்று பட்டப்பகல் இருட்டானதைக் கண்டான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கறுப்பு ஞாயிறு என்றே பெயர் வைத்தான். அந்த ஆண்டே மண்ணைக் காக்க ஒரு அரச சேவையைத் தொடங்கி, சரிவுக்குக் குறுக்காக உழு, காற்றுக்கு மரவேலி வை என்று சொல்லிக் கொடுத்தான். இங்கே அதைச் சொன்னால் கோபம் வருகிறது.

படுவான்கரையான்:
ஆவணியா? ஆவணியில் எந்த வயல் வட்டையில் உழுதார்கள்? வட்டையின் பெயரைச் சொல்லுங்கள். அந்த வட்டையைப் பார்க்கிற விதானையிடமே கேட்டுவிடலாம்.

கச்சான் என்ன காற்று என்று முதலில் ஐயாவுக்கு யாராவது சொல்லுங்கள். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டுக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலை இறங்கி நம்மிடம் வரும்போது ஈரமில்லாத வெறும் சூடாக வருகிறது. மரத்து இலையே கருகும். உழுதாலும் உழாவிட்டாலும் மண் காயத்தான் செய்யும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரம்பில்லாத கோதுமைக் காடும் நம்ம வரம்பு கட்டிய நெல் வட்டையும் ஒன்றா?

கொக்கட்டி நிழல்:
இரண்டு பேரும் டிப்பர் லொறியை மறந்துவிட்டீர்களே. ஆற்று மண் ஏற்றிக்கொண்டு கிறவல் வீதியில் வரிசையாகப் போகிறதே, அந்தப் புழுதி எந்தக் கணக்கில்? மண் அள்ளின இடத்தில் தண்ணீரும் நிற்காது. முன்பெல்லாம் கோடையில் ஆற்று மணலில் முழங்கை அளவு தோண்டினால் பூவலில் தெளிந்த தண்ணீர் ஊறும். ஒரு சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிரப்புவார்கள். இப்போது மணலையே காணோம், அடியில் களிதான். பிறகு எங்கே ஊறுவது?

வாவிக்கரை:
டிப்பர் பிரச்சினை வேறு. நான் பேசியது உழவைப் பற்றி.

படுவான்கரையான்:
டிப்பர் என்றதும் ஐயாவுக்கு வேறு பிரச்சினையாகிவிட்டது. மண் போய்ச் சேருகிற வீடுகள் வாவிக்குக் கிழக்கே, ஐயாவின் எழுவான்கரையில்தானே எழும்புகின்றன. அதனால்தான் உழவு, உழவு என்று நிற்கிறார். நான் திரும்பவும் கேட்கிறேன், கச்சானுக்குள் எவன் உழுகிறான்?

வெல்லாவெளி மகள்:
எந்த மாதத்துப் புழுதி என்று நீங்கள் முடிவு செய்கிற வரைக்கும் நாங்கள் அதைத்தான் தின்கிறோம். பிள்ளை வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடம் போய்ச் செங்கல் நிறத்தில் வருகிறான். சோற்றுப் பானையைத் திறந்து மூடுவதற்குள் மேலே ஒரு படை. இரவெல்லாம் இருமல். வாவிக்கரை ஐயா எழுதின அந்த அமெரிக்கப் பெண்கள் யன்னலுக்கு ஈரச் சீலை கட்டினார்களாம். நல்ல யோசனை. சீலையை நனைக்கத் தண்ணீர் யார் தருவது? பவுசர் வண்டியில் வருகிற தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். அதில் சட்டை தோய்த்தால் பக்கத்து வீட்டார் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள்.

2016 மாரி மழை பொய்த்த பிறகு எங்கள் ஒழுங்கையில் பாதி ஆம்பிளைகள் வேலை தேடி வெளிக்கிட்டார்கள். பெண்கள் வீட்டில் நின்று நுண்கடன்காரருக்குப் பதில் சொன்னார்கள்.

வாவிக்கரை:
நுண்கடனை 2018 இல் அரசாங்கம் தள்ளுபடி செய்ததே தங்கச்சி. வரட்சி மாவட்டங்களில் 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் கடன்.

வெல்லாவெளி மகள்:
தவணை தவறினவர்களுக்குத்தான் ஐயா. தோட்டை விற்று ஒழுங்காகக் கட்டினவளுக்கு என்ன கிடைத்தது?

நிந்தவூர் காக்கா:
மட்டக்களப்பார் அடிபட்டு முடிந்தால் அம்பாறைப் பக்கத்து எங்களையும் ஒருக்கால் பாருங்கள். இலங்கையிலேயே பெரிய குளம் சேனாநாயக்க சமுத்திரம். அதைக் கட்டின கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கியது. பெயரில் சமுத்திரம் இருக்கிறது. வாய்க்காலின் கடைசியில் இருக்கிற எங்கள் வயல் கண்டத்துக்குத் தண்ணீர் வரும்போது கோடைச் சிறுபோகப் பயிர் மஞ்சளாகி நிற்கும். மேலே உள்ளவன் குடித்த மிச்சம்தான் எங்களுக்கு.

படுவான்கரையான்:
காக்கா, உங்களுக்கு மிச்சமாவது வருகிறது. எங்கள் உன்னிச்சைக் குளம் யாருக்குப் போகிறது? வவுணதீவில் சுத்திகரித்து மட்டக்களப்புப் பட்டினத்துக்குக் குழாயில் போகிறது. வாவிக்கரை ஐயா தேத்தண்ணி போடுவதும் அந்தத் தண்ணீரில்தான். குளத்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குப் பவுசர், குடித்துவிட்டுப் பதிவு எழுதுகிறவருக்குக் குழாய்.

வாவிக்கரை:
குடிதண்ணீரை வைத்து என்னைக் குத்துவது கீழ்த்தரம். பட்டினத்தில் இருப்பவன் தாகத்தில் சாக வேண்டுமா? மண்ணைப் பற்றிப் பேசினால் குழாய்க்குப் போகிறீர்கள், குழாயைப் பற்றிப் பேசினால் டிப்பருக்குப் போகிறீர்கள். உங்கள் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் ஒத்துக்கொண்ட ஏக்கருக்கு மேல் சிறுபோகம் செய்ததையும் எழுதவா?

நிந்தவூர் காக்கா:
உன்னிச்சையை வைத்து என் வாயை அடைக்க வேண்டாம் தம்பி. நான் கேட்டது வாய்க்கால் கடைசியைப் பற்றி. அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

படுவான்கரையான்:
எழுதுங்கள் ஐயா, தாராளமாக எழுதுங்கள். கூட ஒரு ஏக்கர் விதைத்தவன் ஏன் விதைத்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாரிப் போகத்தை வெயில் தின்றது. விதைநெல்லும் இல்லை. நகை அடைவில். காப்புறுதிக்காரர் வந்து, பயிர் பாதிதான் கருகியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். மாடுகளைக் காட்டுப் பக்கம் மேய்க்கலாம் என்றால் மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் மேய்ச்சல் தரைக்கே சனம் போராட வேண்டியிருக்கிறது. அப்படியானவன் குளத்தில் மிஞ்சின தண்ணீரை நம்பி விதைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பானா?

இதெல்லாம் இருக்கட்டும். ஆவணியில் உழுத வட்டையின் பெயர் இன்னும் வரவில்லை.

கொக்கட்டி நிழல்:
டிப்பருக்கும் இன்னும் பதில் வரவில்லை. படுவான்கரையான் கொஞ்சம் மெதுவாகத்தான் கேட்கிறார். மச்சானிடமும் ஒரு டிப்பர் நிற்கிறது போல.

படுவான்கரையான்:
யாருடைய மச்சான்? பெயரைச் சொல்லிப் பேசு. அது கல் ஏற்றுகிற டிப்பர். ஆற்றுக்குள் இறங்கினதே இல்லை.

கொக்கட்டி நிழல்:
ஓ, கல் ஏற்றினால் புழுதி எழும்பாதாக்கும்.

வெல்லாவெளி மகள்:
நல்லது. எழும்புகிற புழுதிக்கு யாருடைய மச்சான் என்று பார்த்துவிட்டு இருமச் சொல்லி என் பிள்ளையிடம் சொல்கிறேன்.

வாவிக்கரை:
வட்டை, வட்டை என்று கேட்டீர்கள். இதோ படமே போட்டிருக்கிறேன். வெறும் நிலம், மெசின், மேலே புழுதி மேகம். கண் இருப்பவர்கள் பார்க்கலாம்.

படுவான்கரையான்:
பார்த்தேன் ஐயா, பெரிதாக்கியும் பார்த்தேன். அது உழவு மெசினே இல்லை. வைக்கோல் கட்டுகிற மெசின். பின்னால் கட்டுகள் கிடப்பதும் தெரிகிறது. வைக்கோலை எரிக்கிறான் என்றீர்கள், நீங்களே போட்ட படத்தில் கட்டி எடுக்கிறான்.

வாவிக்கரை:
எந்த மெசின் என்பதா முக்கியம்? புழுதி பறக்கிறதா, இல்லையா?

படுவான்கரையான்:
அப்போ உழவு இல்லை என்று ஆகிவிட்டது. சரி, படம் எடுத்தது எந்த மாதம்? ஆவணி என்றால் எத்தனையாம் திகதி?